பழச்செடியும் உயிர்வேலியும்: வாசகர் கேள்வி - பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகள் செட்டிநாட்டுப் பொட்டலில் தொடங்கிக் கொடைக்கானல் மலை, கனடாவின் பனி என்று நீள்கின்றன. ஊர் எதுவானாலும் செடி பொறுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்த இடத்தில் வருடத்தின் மோசமான மாதம் எது, அந்த மாதத்தில் செடியைச் சாகடிப்பது எது? அதைத் தாங்கும் செடிகளை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ருசியும் விளைச்சலும் அதற்குப் பிறகு பார்க்க வேண்டியவை.

லண்டனிலிருந்து வரும் என் நாத்தனார் ராஸ்பெர்ரித் தண்டு நாலு கொண்டுவரட்டுமா என்று கேட்கிறார். பின்கட்டில் கிணற்றடி ஓரம் வைத்தால் காய்க்குமா?
_வாசகி, பள்ளத்தூர்_

கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வெளிநாட்டு நடவுச் செடி எதுவும் இறக்குமதி அனுமதியும், புறப்படும் நாட்டின் தாவர நலச் சான்றும் இல்லாமல் உள்ளே வரக்கூடாது. 2003 ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை அப்படித்தான் சொல்கிறது. அந்தக் கண்டிப்பில் நியாயம் இருக்கிறது. வேரில் ஒட்டிவரும் ஒரு பிடி மண்ணில் நூற்புழுவும் பூஞ்சையும் வரும். அவை பெட்டியோடு வந்து இறங்கினால் உங்கள் கொல்லையோடு நிற்காது.

அனுமதியோடு வந்தாலும் காய்க்காது. ராஸ்பெர்ரி குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும் செடி. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பல நூறு மணி நேரம், பல வகைகளுக்கு 800 மணி நேரத்துக்கும் மேல் கிடந்தால்தான் அதன் மொட்டு சரியாக விழிக்கும். மார்கழியிலும் நம் பக்கத்து இரவு 20 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. தண்டு வளரும், இலை விடும், மொட்டு மட்டும் உறங்கியே கிடக்கும். ஐப்பசி மழையில் வேர் அழுகும். தப்பியதைச் சித்திரை முடித்துவிடும்.

அதே மாதிரி கையால் பறித்துத் தின்னும் சிறு பழம் வேண்டுமென்றால் மல்பெரி வையுங்கள். முசுக்கொட்டை என்றும் சொல்வார்கள். காய்ப்பதைக் கண்ணால் பார்த்த மரத்திலிருந்து மட்டும் போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, எடுக்க வேண்டும். ஆண் பூ மட்டும் விடும் மல்பெரியும் உண்டு, அதில் எத்தனை வருடம் காத்திருந்தாலும் பழம் வராது. ஆறு மாதத்துக்கு மேல் முற்றிய, பென்சில் கனமுள்ள கிளையை 8 அங்குல நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி நறுக்குங்கள். புரட்டாசிக் கடைசியில் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி சாய்த்து ஊன்றுங்கள். கணுவின் முகம் மேல்நோக்கி இருக்கட்டும்.

இரண்டாம் வருடத்திலிருந்து செடியை 3 அடி உயரத்துக்கு வெட்டி, மிஞ்சிய இலையையும் உருவிவிட்டு நன்றாகத் தண்ணீர் கொடுங்கள். புதுத் துளிரோடு பூவும் சேர்ந்தே வரும், சுமார் இரண்டு மாதத்தில் பழம் பறிக்கலாம். வெட்டாமல் விட்டால் மரம் உயரப் போய்விடும், பழம் குருவிக்குத்தான். ஒரு எச்சரிக்கை: பழச்சாற்றின் கறை லேசில் போகாது. ஆத்தங்குடிக் கல் பாவிய முற்றத்துக்கு அருகில் வைக்காமல் கொல்லையில் மண்தரையில் வையுங்கள்.

ஊருக்கு வெளியே ஒரு ஏக்கர் செம்புராங்கல் பூமி. கம்பி வேலிக்கு வசதி இல்லை. ஆடு, மாடு நுழையாமல், கொஞ்சம் பழமும் கிடைக்கிற மாதிரி உயிர்வேலிக்கு என்ன செடி வைக்கலாம்?
_வாசகர், தேவகோட்டை_

வெளி வரிசையில் முள்கிளுவை, உள் வரிசையில் களா. காங்கேயம் பக்கத்துக் கொரங்காட்டு மேய்ச்சல் நிலங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கிளுவைதான் வேலி. நம் வறட்சிக்கும் அது ஏற்றது. கிளுவை சீக்கிரம் சுவராக நிற்கும், களா மெல்ல வளர்ந்து பின்னால் பலன் கொடுக்கும். களாவை மட்டும் நம்பினால் முதல் இரண்டு வருடம் வேலியே இருக்காது. பலரும் பாதியில் கைவிடுவது அங்கேதான்.

மண்ணை முதலில் சோதியுங்கள். எல்லை ஓரமாக நாலைந்து இடத்தில் ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் கீழே கெட்டிப்பாறை இருக்கிறது என்று பொருள். அந்த இடங்களில் கடப்பாரையால் பாறையை உடைக்காமல் எதை நட்டாலும், மழையில் வேர் மூச்சுத் திணறும், கோடையில் அதே வேர் கீழே இறங்க வழியில்லாமல் காயும்.

சதுரமான ஒரு ஏக்கருக்குச் சுற்றளவு ஏறக்குறைய 835 அடி. கிளுவையை அடிக்கு ஒன்றாக ஊன்றினால் 835 போத்து, பழுதுக்கு ஒரு நூறு சேர்த்துக்கொள்ளுங்கள். களாவை உள்பக்கம் 3 அடி தள்ளி இரண்டரை அடிக்கு ஒன்றாக வைத்தால், உள்சுற்றளவு 811 அடியாகக் குறைவதால், 324 கன்று வேண்டும்.

கிளுவைக்கு நேரம் முக்கியம். பங்குனி, சித்திரையில் மரம் இலையில்லாமல் நிற்கும்போது வெட்டுங்கள். அப்போது சத்து முழுவதும் தண்டில் இருக்கும். ஒன்றரை முதல் இரண்டு அங்குலக் கனம், 4 அடி நீளம். வெட்டியதும் நடாதீர்கள். நிழலில் ஐந்தாறு நாள் சாய்த்து வைத்தால் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும், பச்சை வாயோடு ஈர மண்ணில் இறக்கினால் அழுகும். மேல்முனையைச் சாய்வாக வெட்டிச் சாணி பூசுங்கள், மழைநீர் தேங்காது. அடிமுனை எது என்று சுண்ணாம்பால் குறி வையுங்கள். தலைகீழாய் நட்ட போத்து பிழைப்பது அரிது.

நடும்போது கடப்பாரையால் ஒரு அடி ஆழத்துக்குத் துளை போட்டு, போத்தை அதில் இறக்கி, மண்ணைக் காலால் இறுக்குங்கள். சம்மட்டியால் அடித்து இறக்கினால் பட்டை உரியும், வேர் விட வேண்டிய இடமே அதுதான். நட்டபின் பிளந்த மூங்கிலைக் குறுக்கே வைத்து இரண்டு வரிசையாகக் கயிற்றால் கட்டிவிட்டால் ஆடு முட்டினாலும் அசையாது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். முதல் கோடை மழைக்குத் துளிர் வரும். ஆனால் துளிர் வந்ததும் வேர் பிடித்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. போத்தில் சேர்ந்திருந்த சத்தே முதல் இலையை விடும், வேர் அதற்குப் பிறகுதான். அந்த நேரத்தில் யாராவது ஆட்டிப் பார்த்தால் புதுவேர் அறுந்து, துளிர்த்த போத்தே காய்ந்துபோகும்.

களாவை மழைக்குமுன், ஆவணி கடைசியில் நடுங்கள். ஒன்றரை அடி அகலம், 2 அடி ஆழத்தில் வாய்க்கால் மாதிரி வெட்டி, தோண்டிய மண்ணைக் கிளுவைப் பக்கம் வரப்பாகப் போடுங்கள். மேல்மண், அனுமதி பெற்று எடுத்த கண்மாய் வண்டல், மக்கிய தொழு எரு மூன்றையும் கலந்து முக்கால் ஆழத்துக்கு நிரப்புங்கள். எருவுக்கு மூன்றடிக்கு ஒரு கூடை, அதாவது 10 கிலோ போதும். மீதிப் பள்ளம் மழைநீரைப் பிடிக்கும். ஆனால் பாறை உடையாத இடத்தில் இந்தப் பள்ளத்தை விடாதீர்கள், சமமாக மூடிவிடுங்கள்.

கன்று ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள். பக்கக்கிளை ஒரு அடி போனதும் அதையும் நுனி வெட்டுங்கள். பார்க்க மனம் வராது, ஆனாலும் வெட்டத்தான் வேண்டும். அடியில் கிளை பிரியாத களா குடை மாதிரி மேலே விரியும், கீழே ஆட்டுக்குட்டி நுழைய வழி இருக்கும். மேலே எத்தனை முள் இருந்தும் பயனில்லை.

களாக் கன்று விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கறுத்துப் பழுத்த பழத்தைப் பிசைந்து, விதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, அந்த வாரமே நாற்றுப் பையில் போடுங்கள். களா விதையின் உயிர் சீக்கிரம் போய்விடும். சென்ற வருட விதையை டப்பாவில் வைத்திருந்து போட்டு முளைக்கவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் ஏராளம். பையில் ஒரு வருடம் வளர்ந்த கன்றுதான் வேலிக்குத் தாங்கும். ஆகவே இந்த வருடம் கிளுவை, அடுத்த வருடம் களா என்று திட்டமிடுங்கள்.

வேலியின் உள்ளே நாலு சீத்தா, ஒரு விளா, ஒரு கொடுக்காப்புளி வையுங்கள். சீத்தா இலையை ஆடு சீண்டாது. நெல்லி வைப்பதாக இருந்தால் ஒட்டுக் கன்றில் இரண்டு வகை கலந்து வையுங்கள், ஒரே வகை தனியாக நின்றால் காய்ப்பு குறையும்.

எங்கள் களா வேலி பச்சைப் பசேலென்று சுவர் மாதிரி இருக்கிறது. வைத்து ஆறு வருடம். ஊறுகாய்க்கு ஒரு கை காய்கூடத் தேறவில்லை. உரம் போதவில்லையா?
_வாசகி, புதுவயல்_

உரம் போதும். கத்தரிப்பதுதான் அதிகம். களா கிளை நுனியில்தான் கொத்தாகப் பூக்கும். மாசி, பங்குனியில் பூத்து, ஆடி, ஆவணியில் பழுக்கும். சுவர் மாதிரி இருக்கிறது என்றால் மாதாமாதம் மட்டம் வெட்டுகிறீர்கள், பூக்கும் நுனி அத்தனையும் குப்பைக்குப் போகிறது. வருடத்துக்கு ஒரே வெட்டு, ஆவணியில் பறிப்பு முடிந்தவுடன். அதன்பின் வரும் மழையில் துளிர்க்கும் கிளை மாசிக்குள் முற்றிவிடும். வழியை அடைக்கும் பக்கக் கிளையை மட்டும் இடையில் எடுக்கலாம். வெட்டும்போதும் காய் பறிக்கும்போதும் பால் வடியும், நல்லெண்ணெய் தடவிக்கொண்டால் கையில் ஒட்டாது.

என் மகன் கனடாவில் வின்னிபெக்கில் வீடு வாங்கியிருக்கிறான். தோட்டத்தில் ராஸ்பெர்ரி வைத்தான், முதல் வருடம் நன்றாக வளர்ந்தது. பனிக்கு முன் எல்லாவற்றையும் தரையோடு வெட்டிச் சுத்தம் செய்தானாம். அடுத்த வருடம் ஒரு பழமும் இல்லை. குளிரில் பட்டுவிட்டதா?
_வாசகர், கானாடுகாத்தான்_

குளிர் ஒன்றும் செய்யவில்லை, காய்க்க வேண்டிய தண்டை அவரே வெட்டிவிட்டார். ராஸ்பெர்ரியின் வேர் பல வருடம் வாழும், தண்டின் ஆயுள் இரண்டே வருடம். முதல் வருடம் வளர்ந்து, பனியில் கிடந்து, இரண்டாம் வருடக் கோடையில் காய்த்துவிட்டுச் சாகும். பனிக்குமுன் தரையோடு வெட்டினால் அடுத்த வருடம் மறுபடி முதல் வருடத் தண்டுதான் வரும். இப்படியே ஆயுளுக்கும் பழம் பார்க்காமல் வளர்க்கலாம்.

இலையுதிர்காலத்தில் முதல் வருடத் தண்டிலேயே காய்க்கும் வகைகளும் உண்டு, ஹெரிடேஜ் அவற்றில் பேர்போனது. அவற்றை வசந்தத் தொடக்கத்தில் தரையோடு வெட்டுவதே முறை. ஒரு வகைக்குச் சொன்ன முறையை இன்னொன்றுக்குச் செய்வதால்தான் இந்தக் குழப்பம். ஆனால் வின்னிபெக்குக்கு ஹெரிடேஜ் பொருந்தாது. அது பழுக்கத் தாமதமாகும், பழம் சிவக்கும்முன் உறைபனி வந்துவிடும். மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே போகும் அந்த ஊருக்கு அதே மானிடோபா மாகாணத்தில் உருவாக்கி 1960 இல் வெளியிட்ட பாய்ன் வகை இருக்கிறது. கோடையில் காய்க்கும், கடுங்குளிர் தாங்கும். இருக்கும் செடி என்ன வகை என்று தெரியாவிட்டால் இந்த இலையுதிர்காலத்தில் எதையும் வெட்ட வேண்டாம், எந்தத் தண்டில் காய்க்கிறது என்று ஒரு வருடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கோடைக் காய்ப்பு வகைக்கு முறை இது. பறிப்பு முடிந்ததும் காய்த்த தண்டை மட்டும் தரையோடு எடுக்க வேண்டும். அது பழுப்பேறி, பட்டை உரிந்து, பக்கக்கிளையோடு நிற்கும். பச்சையாக நிற்கும் புதுத் தண்டுகளில் வரிசையின் ஒவ்வொரு அடிக்கும் மூன்று நான்கை வைத்துக்கொண்டு, மெலிந்தவற்றைக் கழிக்கலாம். நுனியைத் தொடக்கூடாது. வசந்தத்தில் மொட்டு வீங்கிய பிறகு, பனியில் பட்டுப்போன நுனியை உயிருள்ள மொட்டு வரை வெட்டினால் போதும்.

புதிதாக நடுவதென்றால் வசந்தத்தில், மண் உருகிக் கையில் உதிரும் பதம் வந்ததும். மண் இல்லாமல் வெறும் வேரோடு வரும் தண்டை ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, 2 அடிக்கு ஒன்று, வரிசைக்கு வரிசை 7 அடி விட்டு நட வேண்டும். மூன்று நான்கு வருடத்துக்குள் தக்காளி, உருளை, கத்தரி வைத்த இடம் ஆகாது, அவற்றின் வாடல் பூஞ்சை மண்ணில் தங்கி ராஸ்பெர்ரியைப் பிடிக்கும். தண்ணீர் நிற்கும் பள்ளமும் ஆகாது, வேரழுகல் வந்தால் மருந்தில்லை. மேட்டுப் பாத்தி போடட்டும். தழைச்சத்து உரம் வசந்தத்தோடு சரி. கோடை நடுவுக்குப் பிறகு போட்டால் இளந்தண்டு முற்றாமல் பனியில் மாட்டும். ஆழ்ந்த குளிரைவிட இடையில் வரும் இளகலும், உடனே திரும்பும் உறைவும்தான் தண்டை அதிகம் கெடுக்கும். ஆகவே தென்சுவர் ஓரத்துச் சூடான மூலை வேண்டாம். பனி மூடிக் கிடப்பது நல்லது, குவிந்த பனியைத் தோண்டி எடுக்க வேண்டாம்.

காற்றுத் தடுப்புக்கு வடமேற்கில் காராகானா அல்லது லைலாக் வேலி வைக்கலாம். காராகானா கனடியப் புல்வெளி மாகாணங்களில் நெடுங்காலமாகக் காற்று வேலிக்கு வைக்கும் செடி, அவரைக் குடும்பம் என்பதால் மண்ணுக்குத் தழைச்சத்தும் சேர்க்கும். காய் வெடித்து விதை தெறிக்கும், முளைத்ததைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல வேலி தன் உயரத்தைப் போல் 10 மடங்கு தூரம் வரை காற்றின் வேகத்தைக் குறைக்கும். ஆனால் வேலியை ஒட்டியே பனி மலையாகக் குவிந்து தண்டை முறிக்கும் என்பதால் ராஸ்பெர்ரி வரிசை 10 அடியாவது தள்ளி இருக்கட்டும். கடையில் அழகாக இருக்கிறதென்று துஜா என்ற, குளிர்காலத்திலும் இலை உதிராத வேலிச்செடியை வாங்கினால், வேர் உறைந்திருக்கும்போது வெயிலும் காற்றும் இலையின் ஈரத்தை இழுத்து, வசந்தத்தில் பாதி பழுப்பாக நிற்கும்.

அதே மாதிரிக் குளிர் ஊரில் இருக்கும் மகள், ஹாஸ்கப் என்ற நீலப் பழச்செடி இரண்டு வைத்தாள். பூக்கிறது, காய் சொற்பம்.
_வாசகி, நாச்சியாபுரம்_

இரண்டும் டன்ட்ராவும் பொரியாலிஸுமாக இருக்கலாம். சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் தந்த நல்ல வகைகள்தான், ஆனால் நெருங்கிய உறவு. ஒன்றின் மகரந்தம் மற்றதற்குச் சரியாக உதவாது. அதே நேரத்தில் பூக்கும் அரோரா அல்லது ஹனிபீ ஒன்றைப் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். கடல் பக்தார்ன் என்ற இன்னொரு குளிர் ஊர்ப் பழச்செடி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதில் ஆண் செடி, பெண் செடி தனித்தனி. ஆறேழு பெண் செடிக்கு ஓர் ஆண் செடி, காற்று வரும் பக்கம்.

கொடைக்கானல் மேல்மலையில் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்காவது ராஸ்பெர்ரி வருமா? வேலிக்கு என்ன செடி?
_வாசகர், கோட்டையூர்_

மலையிலேயே இரண்டு காட்டு ராஸ்பெர்ரி இருக்கின்றன. ஒன்று மஞ்சள் பழம், மற்றது வெண்பூச்சுப் படிந்த நீளத் தண்டில் சிவந்து கறுக்கும் பழம். இரண்டாவதை மைசூர் ராஸ்பெர்ரி என்பார்கள். கடுங்குளிர் கேட்காமலே காய்க்கும் என்பதால் சீமை வகைகளுக்குப் பணம் கொடுக்குமுன் இதை வையுங்கள். மழைக்காலத்தில் தண்டை வளைத்து, நுனியை நாலு அங்குலம் மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வையுங்கள். இரண்டு மாதத்தில் வேர் பிடித்ததும் தாய்த்தண்டிலிருந்து வெட்டிப் பிரித்து நடலாம். காய்த்து முடிந்த தண்டை வருடாவருடம் எடுத்துவிடுங்கள், விட்டால் புதராகி உள்ளே கை நுழையாது.

மஞ்சள் பழ வகையே நல்ல முள்வேலியும் ஆகும். ஆனால் சோலைக்காட்டை ஒட்டிய எல்லையில் வைக்க வேண்டாம், குருவிகள் விதையைக் காட்டுக்குள் பரப்பும். கார்ஸ் என்ற ஐரோப்பிய முட்செடி நீலகிரிப் புல்வெளிகளை எப்படிப் பிடித்தது என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும், வெளிநாட்டு வேலிச்செடியே வேண்டாம். எந்த உயிர்வேலியும் காட்டுமாட்டை நிறுத்தாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது வழக்கமாக நடக்கும் தடத்தை விட்டுவிட்டு வேலி போடுவதுதான் வழி.

உறைபனி விழும் இடமானால் சரிவைக் கவனியுங்கள். இரவில் குளிர்க்காற்று தண்ணீர் போலச் சரிவில் இறங்கும். சரிவின் கீழ் எல்லையில் அடர்ந்த வேலி போட்டு அடைத்தால் குளிர் அங்கேயே தேங்கி, அதை ஒட்டிய செடிகளெல்லாம் கருகும். கீழ்ப்பக்கத்தில் நாலைந்து அடி இடைவெளி விட்டு, அங்கே படல் மட்டும் கட்டுங்கள். பழச்செடி சரிவின் நடுவில், வேலி மேல்பக்கம்.

வேலிக்குத் திருகுகள்ளி வைக்கலாமா? சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு.
_வாசகர், கண்டனூர்_

வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் கண்ணையே கெடுக்கும். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவி, உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். ஆடு தொடாத செடி என்பதற்காகவே கேட்கிறீர்கள் என்றால் ஆடாதொடை இருக்கிறது. முற்றிய தண்டை ஒரு அடி நீளத்தில் நறுக்கி, மழைக்காலத்தில் அரை அடி இடைவெளியில் இரண்டு வரிசையாக ஊன்றினால் போதும். முள் இல்லாததால் மாடு தள்ளிக்கொண்டு நுழையும் எல்லைக்கு இது ஆகாது, வீட்டைச் சுற்றி வைக்க நல்லது.

மல்பெரி இலையின் கீழே வெள்ளைப் பஞ்சு மாதிரிப் பூச்சி. நுனி சுருண்டுவிட்டது. என்ன மருந்து?
_வாசகி, காரைக்குடி_

மாவுப்பூச்சி. மருந்தைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2008 இல் தமிழ்நாட்டுக்கு வந்து பப்பாளியையும் மல்பெரியையும் நாசமாக்கிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது, 2010 இல் கொண்டுவந்து விட்ட ஒரு சின்ன ஒட்டுண்ணிக் குளவி. கடும் மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவிதான், மாவுப்பூச்சி மெழுகுக்குள் பத்திரமாக இருக்கும். சுருண்ட நுனியை வெட்டி எரியுங்கள். மீதிக்குக் குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் வேகமாக அடியுங்கள், வாரம் இரண்டு தடவை. அடிமரத்தில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். மாவுப்பூச்சியின் தேன்கழிவுக்காக எறும்பு குளவியை விரட்டும். தண்டைச் சுற்றித் துணி கட்டி அதில் கிரீஸ் தடவி எறும்பை நிறுத்துங்கள். மருந்துக்குப் போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் வராது.